முன்பக்கச் சிவப்பு

செஞ்சியில் வண்டிகளுக்கு அலங்கார விளக்கு மாட்டுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. கழட்டுவதற்கு மட்டும் எல்லோரும் ஸ்டீபனைத்தான் தேடி வருவார்கள். திண்டிவனம் ரோட்டில், உரக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில், மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டிய அளவுக்கு அவன் கடை. கடைக்குள் வண்டி வராது. வண்டி ரோட்டோரம் நிற்கும், ஸ்டீபன் அதன் அடியில் படுத்திருப்பான், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கால்களைப் பார்த்துத்தான் வாடிக்கைக்காரர்கள் பேசுவார்கள்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது என்ன விளக்கு இருந்ததோ அதுதான் விளக்கு, கூடுதலாக மாட்டுகிற எதுவும் குற்றம். எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற வெள்ளை கூடாது, மின்னி மின்னி எரிகிற நீலம் கூடாது, வண்டியின் முன்பக்கம் சிவப்பு தெரியவே கூடாது. இதையெல்லாம் ஸ்டீபன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். வருஷா வருஷம் வண்டியைத் தகுதிச் சான்றிதழுக்காக எஃப்.சி.க்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமே, அதற்கு முந்தின நாள் வேன்காரர்களும் லோடு வண்டிக்காரர்களும் அவன் கடை முன்னால் வரிசை கட்டுவார்கள். நெற்றியில் ஓடுகிற சீரியல் விளக்கு, பம்பரில் மின்னுகிற ஊதா, சக்கரத்துக்கு மேலே பச்சை என்று அத்தனையும் கழட்டி, மூளியாக்கி அனுப்புவான். சான்றிதழ் வாங்கின கையோடு அதே வண்டி திரும்பி வரும். மறுபடியும் மாட்டுவான்.

இதற்கென்றே அவன் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். விளக்குப் பட்டையை நேராக வண்டியில் ஒட்டாமல், அலுமினியச் சட்டத்துக்குள் பதித்து, சட்டத்தை ஸ்குரூவில் நிறுத்துவான். கரண்டுக்கு ஒரு சாக்கெட். பேட்டரியில் ஓடுகிற ஸ்குரூ மிஷினை எடுத்தால் பத்து நிமிஷத்தில் ஒரு வேனை நிர்வாணமாக்கிவிடுவான். ரோட்டில் செக்கிங் நிற்கிறது என்று போன் வந்தால், எந்த ஊர் ஓரத்திலும் போய்க் கழட்டிக் கொடுத்துவிட்டு வருவான். அரசாங்கம் எத்தனைக்கு எத்தனை கெடுபிடி செய்ததோ அத்தனைக்கு அத்தனை அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. விளக்குக்கு அந்தச் சட்டத்தை அரசாங்கம் எதற்காகப் போட்டது என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஃபைன் போடத்தான் போட்டார்கள் என்று ஊரே நினைத்தது, அவனும் அப்படித்தான் நினைத்தான்.

தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் சிவசங்கர் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். சொந்த வண்டி, ஓட்டுகிறவனும் அவனே. மாசத்தில் மற்ற நாளெல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று எது கிடைக்குமோ அதற்கு ஓடுவான். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயில். எத்தனை ஸ்பெஷல் பஸ் விட்டாலும் அங்கே கூட்டம் நிற்கும், நடுராத்திரி அம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டு விடிவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்கிற கூட்டம். எந்த வேன் ஜொலிக்கிறதோ அதில்தான் ஜனங்கள் ஏறுவார்கள். சிவசங்கருக்கு முன் கண்ணாடியைச் சுற்றியும் பம்பரில் இரண்டு வரிசையும் ரத்தச் சிவப்பாக வேண்டும்.

“முன்னாடி செவப்பு ஆவாதுண்ணா,” என்றான் ஸ்டீபன். “புடிச்சான்னா மத்த கலரவிட இதுக்குத்தான் கத்துவான்.”

“ஆத்தாளுக்கு ஊதாவும் பச்சையுமாடா போடுவாங்க? குங்குமக் கலரு போடு. நான் பாத்துக்கறேன்.”

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று ஸ்டீபன் வேலையை ஆரம்பித்தான். நல்ல வேலைக்காரன், செய்தால் சுத்தமாகத்தான் செய்வான். ஹெட்லைட் எரிந்தாலும் அணைந்தாலும் சிவப்பு தனியாக எரிகிற மாதிரி தனி சுவிட்ச் வைத்தான். முடிந்ததும் போனில் ஒரு படம் பிடித்து, எல்லா வேலைக்கும் போடுகிற மாதிரி ஸ்டேட்டஸில் போட்டான்.

அமாவாசை கழிந்த விடியற்காலை ஐந்தேகாலுக்கு சிவசங்கரின் போன் வந்தது. தொண்டூர் ரோட்டில், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், ஒரு பைக் மோதிவிட்டது, பையை எடுத்துக்கொண்டு உடனே வா என்றான். ஸ்டீபனின் மனைவி ரீட்டா மல்லாட்டை மண்டிக்குக் கடலை பொறுக்கப் போவதற்காக எழுந்து உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் நிற்கவில்லை.

அன்றைக்குப் பனி அப்படி இப்படி என்று சொல்ல முடியாது. கோட்டை நிற்கிற கிருஷ்ணகிரி மலை இருந்த இடமே தெரியவில்லை. ஸ்கூட்டரின் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகாமல் முகத்திலேயே திரும்பி அடித்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டு போனான்.

வேன் தன் பக்கத்திலேயே நின்றிருந்தது. முன் கண்ணாடி ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது, பம்பர் உள்ளே போயிருந்தது, பைக் அதற்கு அடியில் அடையாளம் தெரியாமல் நசுங்கிச் செருகிக் கிடந்தது. சிவப்பு விளக்கு அத்தனை அடியிலும் ஒரு பல்ப் கூடப் போகாமல் எரிந்துகொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள் துண்டும் சால்வையுமாகப் புளியமரத்தடியில் ஒண்டியிருந்தார்கள். ரோட்டின் மறு ஓரம், மண்ணில், ஒரு ஆளைக் கிடத்தி மேலே யாரோ ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். முடிஞ்சிடுச்சுப்பா என்று அதில் ஒருவன் சொன்னது ஸ்டீபன் காதில் விழுந்தது. ரத்தம் என்றாலே அவனுக்கு ஆகாது, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வண்டியின் முன்னால் வந்து நின்றான்.

சிவசங்கர் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தான். “பனியில ஹெட்லைட்டு போட்டா ஒண்ணுந்தெரியல ஸ்டீபா, வெள்ளைத்துணி கட்டுனாப்பல இருக்குது. அத்த அமத்திட்டு சாமி லைட்டுலயேதான் வந்தேன். என் சைடுலதான் வந்தேன், ஏசு சாமி மேல சத்தியமா, உன் சாமி மேலயே சொல்றேன். அவன் நேரா வந்து சொருகிட்டான். இத்த மொதல்ல கழட்டு. போலீசு பாத்தான்னா பர்மிட்டே போயிடும், புள்ளைங்கள வெச்சிகினு நான் எங்க போவேன்?”

ஸ்டீபன் பையைத் திறந்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நூறு தடவை செய்த வேலை. செக்கிங் வருகிறது, கழட்டு என்றால் கழட்ட வேண்டியதுதான். ஸ்குரூ மிஷின் விர்ரென்று ஓடியது. கண்ணாடியைச் சுற்றி எட்டு, பம்பரில் பன்னிரண்டு. வளைந்துபோன பம்பரில் இரண்டு ஸ்குரூ அடம் பிடித்தது, அதற்குத்தான் நேரமாயிற்று. சட்டங்களைச் சாக்கில் சுருட்டி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு அவன் கிளம்பியபோது, பனிக்குள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சிவசங்கர் அவன் போனில் இருந்த படத்தையும் அழித்துவிடச் சொன்னான். ஸ்டீபன் அங்கேயே நின்று அழித்தான். சட்டங்களை அன்றைக்கே நெளித்துக் காயலான் கடையில் போட்டுவிட்டான்.

செத்தது யார் என்று அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் நீல நிறத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்ட, நெற்றி ஏறின, சிரித்த முகம். அது பீமாராவ். தொண்டூர்க்காரர், விழுப்புரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். தினமும் இருட்டோடு பைக்கில் செஞ்சிக்கு வந்து, ஸ்டாண்டில் விட்டுவிட்டு முதல் பஸ் பிடிப்பார். மூன்று வருஷமாக அவர் பைக்குக்கு ஹாரனோ பிரேக் லைட்டோ எது போனாலும் ஸ்டீபன்தான். வேலை நடக்கும்போது நின்றுகொண்டு கேள்வி கேட்கிற ஆள், காசு கொடுக்கும்போது தேங்க்ஸ் சொல்கிற ஆள். செஞ்சியில் எலக்ட்ரீசியனுக்குத் தேங்க்ஸ் சொன்ன ஒரே மனுஷர் அவராகத்தான் இருக்கும். ஸ்டீபன் பேனருக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றான். அடக்கமெல்லாம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் தொண்டூருக்குத் துக்கம் கேட்கப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். வாடிக்கைக்காரர் வீட்டுச் சாவுக்கெல்லாம் யார் போகிறார்கள்? ஆனால் அவனுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை, போய் வந்தால் இறங்கும் என்று நினைத்தான்.

தளம் போட்டுப் பூச்சு முடியாத வீடு. உள்ளே சுவரோரம் பீமாராவின் மனைவி சுவாதி உட்கார்ந்திருந்தாள். வாசலில் பந்தலுக்கு அடியில் அவர் அம்மா அமிர்தவல்லி. அறுபது வயசுக்கு மேல் இருக்கும், களை எடுத்தும் நாத்து நட்டும் ஒற்றைப் பிள்ளையை எஞ்சினியர் படிப்பு படிக்க வைத்த கை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். நேரான ரோட்டில், எதிர்ப்பக்கமாகப் போய் எப்படி மோதினான்? தூங்கிட்டானா? முந்தின ராத்திரி எதாவது…? வேனில் வந்தவர்கள் போலீசிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், நாங்க தூங்கிகினு இருந்தோம், ஆனா அவன் குடிச்சிருப்பான் என்று. தூங்கினவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. தொண்டூர் காலனிப் பையன் என்றால் குடித்திருப்பான் என்பதற்குச் சாட்சி எதற்கு? பீமாராவ் டீயே இரண்டாவது கிளாஸ் குடிக்காதவர்.

ஸ்டீபன் யார் என்று அமிர்தவல்லிக்குத் தெரிந்திருந்தது. பிரேக் லைட்டு போடுற பையன் என்று பிள்ளை சொல்லியிருக்கிறார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“அவனுக்குப் பனின்னா பயம் நைனா. கண்ணாடி போட்டவன், பனியில ஒண்ணுந்தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். முன்னாடி ஒரு வண்டி போகும், அதோட செவப்பு லைட்ட மட்டும் பாத்துகினு அது பின்னாலயே போயிடுடா, ரோடு எப்படி வளைஞ்சாலும் அது இஸ்துகினு போயிடும்னு. மார்கழிலேர்ந்து அப்படித்தான் போய்கினு இருந்தான். அன்னிக்கு எதப் பாத்துகினு போனானோ, எம் புள்ள.”

அமிர்தவல்லிக்குப் புரியாதது ஸ்டீபனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பனிக்குள் ஹெட்லைட் இல்லாமல், சிவப்பை மட்டும் போட்டுக்கொண்டு எதிரே ஒரு வேன் வருகிறது. இந்த மனுஷர் பார்க்கிறார். சிவப்பு தெரிந்தால் அது வண்டியின் முதுகு, நமக்கு முன்னால் போகிறது. உலகத்தில் யாரானாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அம்மா சொன்ன மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். அது வலப்பக்கம் இருக்கிறதே என்றால், ரோடு அங்கே வலப்பக்கம் திரும்புகிறது போலிருக்கிறது என்று தானும் திரும்பினார். அவர் தூங்கவில்லை, குடிக்கவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி அம்மா சொல்லைக் கேட்டுக்கொண்டு ஜாக்கிரதையாகப் போனார். முன்பக்கம் சிவப்பு கூடாது என்று ஒரு சட்டம் எதற்காக இருக்கிறது என்பது ஸ்டீபனுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ரீட்டாவிடம் சொன்னான். களியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, களி அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் திரும்ப எடுத்தாள். அடுத்த மூன்று வாரமும் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. பத்தாவது படிக்கிற மகள் வெரோனிகா பாடப் புத்தகத்தோடு பக்கத்துவீட்டுக்குப் போன பிறகு ஆரம்பிப்பார்கள், அவள் திரும்பி வரும்போது நிறுத்துவார்கள்.

ரீட்டா கெட்டவள் இல்லை. பீமாராவ் பேரைச் சொல்லி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவள்தான். ஆனால் மல்லாட்டை மண்டியில் நாள் முழுக்கக் குந்தி, சொத்தை வேறு நல்லது வேறாகப் பொறுக்குகிற பெண்ணுக்குக் கணக்கு நேராக வரும். மாட்டினது ஒரு குற்றம், கழட்டினது அதைவிடப் பெரிய குற்றம், சாட்சியை அழித்தவன் என்று உள்ளே போடுவார்கள். கடை போகும். பிள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்சை. சொன்னால் அந்த மனுஷர் எழுந்து வரப் போகிறாரா?

“வரமாட்டாரு,” என்றான் ஸ்டீபன். “ஆனா குடிச்சிட்டுப் போய் விழுந்தான்னு சொல்றாங்களே ரீட்டா.”

“சொல்லட்டும். ஒரு வருஷம் சொல்லுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. நீ உள்ள போனா எம் பொண்ண ஆயுசுக்கும் சொல்லுவாங்க.”

இதில் யார் சொல்வது சரி என்று இதைச் சொல்கிற எனக்கும் தெரியவில்லை, யாருக்குத் தெரியும்? இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருக்கிற வழக்கில் நியாயம் பேசுவது வெளியே நிற்கிறவனுக்குச் சுலபம்.

நடுவில் சிவசங்கர் ஒரு நாள் கடைக்கு வந்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. மோட்டார் இன்ஸ்பெக்டர் வேனைச் சோதித்து எழுதிவிட்டாராம். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, ஹெட்லைட் சரி, வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பைக் தப்பான பக்கம் வந்து மோதியது என்று வழக்கு இறந்தவர் மேலேயே எழுதப்பட்டுவிட்டது. இன்ஷூரன்ஸ் நஷ்டஈட்டுக்கு சுவாதி மனு போட்டிருக்கிறாளாம், அது நிற்காதாம். சிவசங்கர் சந்தோஷமாக ஒன்றும் சொல்லவில்லை. அவனும் இளைத்துத்தான் போயிருந்தான், அமாவாசை வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான். சிவப்பைப் பார்த்துத்தான் அவர் வந்தார் என்று ஸ்டீபன் சொன்னபோது, சிவசங்கர் முகத்தில் அது புதுச்சேதியாகத் தெரியவில்லை. அவனுக்கு எந்த நாளில் புரிந்ததோ. எழுந்து வெளியே போய், உரக்கடை நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்படியே போய்விட்டான்.

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போது, நான் நாளைக்குத் தொண்டூர் போறேன் என்றான் ஸ்டீபன். ரீட்டா கத்தவில்லை. பரீட்சை முடியட்டுமே என்று மட்டும் கேட்டாள். மனு அதற்குள் தள்ளுபடி ஆகிவிடும் என்றான். மறுநாள் அவள் மண்டிக்குப் போகாமல் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், தவக்காலம் என்றும் பார்க்கவில்லை. உள்ளே போகப் போகிற ஆளுக்கு ஆக்கிப் போடுகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவினான்.

தொண்டூரில் பந்தல் பிரித்திருந்தார்கள். வெயில் அதற்குள் ஏறத் தொடங்கிவிட்ட மாசி மத்தியானம். மூன்று வயசுக் குழந்தை அனு பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லி அவனைப் பார்த்ததும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல், அவன் சொல்ல ஆரம்பித்தான். சிவப்பு விளக்கு என்றதுமே கிழவிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டாள்.

“அப்ப எம் புள்ள தப்பாப் போகலியா?”

“இல்லம்மா. நீங்க சொன்னாப்பலதான் போனாரு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஆறுதல் என்று நினைத்து எதைக் கொண்டுவந்து அந்தத் தாயின் மடியில் போட்டுவிட்டான்! அமிர்தவல்லி மெல்ல எழுந்து, குழந்தை தூங்குகிற பக்கமாகப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுவாதி அழவில்லை. பி.எட். முடித்த பெண், எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். கணவர் பாலிடெக்னிக்கில் வாங்கி வைத்திருந்த நீளமான நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். வக்கீலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். விளக்கு இருந்ததற்கு வேறு அத்தாட்சி இல்லாததால், கழட்டின ஆளே சாட்சி சொன்னால்தான் உண்டு என்றார் வக்கீல். அந்த ஆளுக்குத் தண்டனை கிடைக்கலாம், சாட்சியை நம்பாமலும் போகலாம், எதற்கும் நடந்ததை இப்போதே வரிசையாக எழுதி வாங்கிவிடுங்கள் என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் எல்லாமே ஸ்டீபனுக்குக் கேட்டது.

“நான் சொல்றேம்மா,” என்றான். “எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்றேன்.”

“மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. ஒண்ணொண்ணா. நான் எழுதிக்கிறேன்.”

சொன்னான். எத்தனை விளக்கு, என்ன நீளம், எந்தத் தேதியில் மாட்டினான், சுவிட்சு எங்கே வைத்தான், போன் எப்போது வந்தது. அவள் தலை நிமிராமல் எழுதினாள். அழகான கையெழுத்து, வரி கோணவில்லை. புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு வந்ததாக சிவசங்கர் சொன்ன வார்த்தைகளை அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

“நீங்க அங்க போறப்ப மணி இன்னா?”

“அஞ்சு இருபத்தஞ்சு இருக்கும்.”

“கழட்ட எவ்ளோ நேரம் ஆச்சு?”

“பத்து நிமிஷம். பம்பரு நெளிஞ்சதால கொஞ்சம் மேலயே.”

“அவரு எந்தப் பக்கம் இருந்தாரு?”

“எனக்குப் பின்னாடி. ரோட்டுக்கு அந்த ஓரம். பத்தடி இருக்கும். போர்வை போட்டிருந்தாங்க, முடிஞ்சிடுச்சின்னு சொன்னாங்கம்மா.”

சுவாதி பேனாவைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்த தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதினது. இங்கிலீஷில் இருந்தது, அவனால் படிக்க முடியவில்லை. ஒரு வரியின் கீழ் விரலை வைத்து அவளே சொன்னாள்:

“அஞ்சு நாப்பத்திரெண்டுக்கு வண்டியில ஏத்துறாங்க. அப்ப நாடி இருக்குது. செஞ்சிக்குப் போற வழியிலதான் உசுரு போயிருக்குது.”

மோரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பாயில் குழந்தை புரண்டு படுத்தது.

அவள் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரல் முதல் தடவையாகத் தழைந்தது, கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது.

“அந்தப் பத்து நிமிஷத்துல எதனா பேசுனாரா? எம் பேரு, பாப்பா பேரு… தண்ணின்னாச்சும் கேட்டாரா? அங்க இருந்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறாங்க. நீங்கதான் கிட்ட இருந்திருக்கீங்க.”

ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. குழந்தை பேரைச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு இருப்பாள். ஆனால் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், கோர்ட்டுக்குப் போகிற தாள் அது. உண்மையைத் தவிர அவனிடம் கொண்டுவர ஒன்றும் இல்லாமல் வந்தவன்.

“ஸ்குரூ மிஷின் ஓடிகினு இருந்துச்சும்மா. அவரு பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.”

சுவாதி பேனாவை எடுத்து, அவன் சொன்ன மூன்று வாக்கியத்தையும் அவன் சொன்னபடியே எழுதினாள். எழுதி, ஒரு தடவை படித்துப் பார்த்து, நோட்டை அவன் பக்கம் தள்ளி, கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.